வீட்டில் எலி: விரட்ட வேண்டியதா, பொருள் காண வேண்டியதா?

பரண்வாசி

எங்கள் வீட்டுப் பரணில் எலி குடியேறிவிட்டது. ஒன்றா, குடும்பமா என்று தெரியவில்லை. விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் தொடங்கிவிடுகிறது: ஓட்டம், உருட்டல், பிறகு எதையோ விடாமல் கறும்பும் சத்தம். பழைய துணிப்பை ஒன்று நார் நாராகக் கிடக்கிறது. குழந்தையின் பாடப் புத்தகத்தின் முதுகில் பல் தடம்.

வீட்டில் இரண்டு கட்சி. நஞ்சுக்கட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறார் கணவர். "எலி தேடி வருகிற வீடு குறைவில்லாத வீடு, கொல்லாதே" என்கிறார் பெரியம்மா. பிள்ளையார் வாகனம் என்ற பேச்சும் வந்தது. கணவர் உடனே, "அப்படியானால் பிள்ளையாரை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்" என்றார். அன்று இரவு இருவருக்கும் பேச்சில்லை.

எனக்கு இரண்டு கேள்விகள். இதை எப்படி முடிவுக்குக் கொண்டுவருவது? வீட்டுக்குள் எலி வருவதற்கு ஏதாவது பொருள் உண்டு என்று நம்புகிறீர்களா? இரண்டாவது கேள்விக்குச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

கூகை

இரண்டாவது கேள்வியை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன். முதலில் வந்திருப்பது யார் என்று தெரிய வேண்டும். எல்லாவற்றையும் எலி என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றின் நடத்தையும் வேறு.

எச்சத்தைப் பாருங்கள். அரை சென்டிமீட்டருக்குள் கூர்மையாக, அங்கங்கே சிதறிக் கிடந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், இரு முனையும் கூர்மை என்றால் கருப்பு எலி. கூரை எலி என்பதும் இதுதான். உடலைவிட வால் நீளம், காது பெரிது, ஏறுவதில் கெட்டிக்காரன். இன்னும் பெரிதாக, முனை மழுங்கி இருந்தால் பழுப்பு எலி. அது கனத்த உடம்புக்காரன். பெரும்பாலும் தரைக்கடியிலும் சாக்கடையிலும் வளை தோண்டி இருப்பவன். பரண் என்று நீங்கள் சொன்னதும் என் சந்தேகம் கூரை எலி மேல்தான்.

இன்னொன்று. நீண்ட கூர்மூக்கு, சின்னக் கண், ஒருவித நாற்றம், சுவரோரமாகக் கீச் கீச்சென்று சத்தமிட்டுக்கொண்டே ஓட்டம் என்றால் அது எலியே அல்ல, மூஞ்சூறு. கொறித்துண்ணிகளின் குடும்பத்தில் அதற்கு இடமில்லை. கரப்பானையும் பூச்சிகளையும் தின்கிற பிராணி. துணியையோ புத்தகத்தையோ அது தொடாது. கதவைத் திறந்து வெளியே போக வழிவிட்டால் போதும்.

நேர்க்கோடு

பொருள் உண்டு. எலி வந்தால் அதன் பொருள், உணவை மூடி வைக்கவில்லை என்பது. அவ்வளவுதான்.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல். கடித்துத் தேய்த்தாக வேண்டும். இன்று துணிப்பை, நாளை மின்கம்பி. பரணில் உறை உரிந்த கம்பி கிடந்தால் தீப்பிடிக்கும் என்பதைப் பெரியம்மாவிடம் சொல்லுங்கள். எலியின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும். அந்தச் சிறுநீர் கலந்த தண்ணீரும் ஈரமண்ணும் தோல் கீறல் வழியாகவோ கண் வழியாகவோ உடம்புக்குள் போனால் போதும். திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் மருத்துவரிடம் "வீட்டில் எலி இருக்கிறது" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செல்வம் வருவதற்கு முன் மருத்துவச் செலவு வந்துவிடும்.

விளக்குத்திரி

நேர்க்கோடு சொல்வது எல்லாம் சரி. ஆனால் பரண்வாசி கேட்டது இரண்டு கேள்விகள். இரண்டாவதைச் சாக்கடையில் தள்ளிவிட வேண்டியதில்லை.

எலி நம்முடன் வாழ்வது நேற்று வந்த வழக்கமா என்ன? குறுந்தொகையின் 107-ஆம் பாட்டில் ஒருத்தி, இனிய தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட சேவலைச் சபிக்கிறாள். எப்படி? நள்ளிருளில் இல்லெலிக்காகக் காத்திருக்கும் காட்டுப்பூனைக் குட்டிக்கு நீ இரையாகப் போ என்று. வீட்டெலியைப் பற்றி அவளுக்குப் புகார் ஏதும் இல்லை, கோபமெல்லாம் சேவல்மேல். எலி அந்த வீட்டில் இயல்பாக இருக்கிற ஒன்று.

புறநானூற்றில் சோழன் நல்லுருத்திரன் பாட்டு வேறு திசையில் போகிறது. கதிரைக் கொண்டுவந்து வளை நிறைய அடுக்குகிற எலியைப்போல், உள்ளதை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பவர்களின் நட்பு எனக்கு வேண்டாம், இடப்பக்கம் வீழ்ந்த பன்றியை உண்ணாத புலி போன்றவர்களின் நட்பு வேண்டும் என்கிறான். குறளில் எலிகள் கடல்போலக் கூடி ஆரவாரம் செய்தாலும் நாகம் ஒரு மூச்சு விட்டால் தீர்ந்தது. ஒன்றில் கருமி, மற்றொன்றில் வெறுங்கூட்டம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. திருமறைக்காட்டில் எரிந்துகொண்டிருந்த தீபத்தில் ஓர் எலி வாய்வைக்க, மூக்கு சுட்டுவிட, அந்தக் கோபத்தில் திரியைத் தூண்டிவிட்டது. அதற்கு இறைவன் மண்ணும் விண்ணும் குறைவறக் கொடுத்தார் என்று அப்பர் பாடுகிறார். அந்த எலிதான் மாவலியாகப் பிறந்தது என்பது புராணம். அந்த எலிக்குத் தொண்டு செய்யும் நோக்கமே இல்லை என்பதுதான் எனக்குச் சுவை. திருட வந்தது, மூக்கைச் சுட்டுக்கொண்டது, சக்கரவர்த்தி ஆனது. பெரியம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், மகிழ்வார்.

நேர்க்கோடு

மகிழ்வார். பிறகு பரணில் விளக்கு ஏற்றுவார். நன்றாக இருக்கும்.

பரண்வாசி

கூகை ஐயா, எச்சம் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு மேல், இரண்டு முனையும் கூர்மை. கூரை எலிதான் போலிருக்கிறது.

விளக்குத்திரி, அந்தக் கதையைப் பெரியம்மா எனக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறார். "பார்த்தாயா" என்று ஒரே சொல்லில் வெற்றி அறிவித்துவிட்டார்.

ஒன்று கேட்கிறேன். எலியை ஒரே நேரத்தில் தெய்வத்தோடும் சேர்க்கிறார்கள், கேவலத்துக்கும் உதாரணம் காட்டுகிறார்கள். இது ஏன் இப்படி?

தாழ்வாரம்

பரண்வாசியின் இந்தக் கேள்விக்காகவே பதில் எழுத வந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலியைத் தெய்வத்தின் பக்கத்தில் நிறுத்தியவர்கள் நாம் மட்டும் அல்ல. ஜப்பானில் தைக்கோகு என்ற செல்வத் தெய்வம் நெல்மூட்டைகளின்மேல் நிற்கும். அதன் தூதர்கள் எலிகள். சீனர்களின் பன்னிரண்டு ஆண்டுச் சுற்றில் முதல் விலங்கு எலி. எருதின் முதுகில் ஏறி வந்து, எல்லைக்கோட்டருகே குதித்து முதலிடம் பிடித்ததாகக் கதை. 2020 எலி ஆண்டு, அடுத்தது 2032. ராஜஸ்தானில் தேஷ்நோக் என்ற ஊரில் கர்ணி மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான எலிகள் காலடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தேவியின் குலத்தவர் இறந்தபின் எலியாகப் பிறப்பதாக அங்கே நம்பிக்கை. வெள்ளை எலி கண்ணில் பட்டால் பாக்கியம். தவறி ஒன்றை மிதித்துக் கொன்றுவிட்டால், வெள்ளியிலோ தங்கத்திலோ எலி செய்து கொடுக்க வேண்டும்.

இங்கே எல்லாம் எலி எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். நெல்மூட்டை, களஞ்சியம், மிச்சம். பட்டினி கிடக்கும் வீட்டில் எலிக்கு வேலை இல்லை. தானியம் சேர்த்து வைத்த மனிதனைத் தேடித்தான் எலி வந்தது. ஆகவே எலியைப் பார்த்தவன் "இங்கே மிச்சம் இருக்கிறது" என்று படித்துக்கொண்டான். பெரியம்மா சொன்னதும் இதைத்தான். அது மூடநம்பிக்கை ஆவதற்கு முன்னால் ஒரு கவனிப்பாக இருந்தது.

இனி மறுபக்கம். கிரேக்கர்களின் அப்பல்லோவுக்கு ஸ்மிந்தியுஸ் என்று ஒரு பெயர். எலிகளோடு தொடர்புடைய பெயர் என்றே பழைய உரைகாரர்கள் விளக்கினார்கள். ஹோமரின் காவியமான இலியாதின் தொடக்கத்தில், கிரேக்கப் படைத்தலைவனால் அவமதிக்கப்பட்ட பூசாரி கிரைசிஸ் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறான். அப்பல்லோ இறங்கிவந்து கிரேக்கப் படைக்குள் கொள்ளைநோய் அம்பை எய்கிறான். எலியின் பெயரைச் சொல்லி அழைத்ததும் கொள்ளைநோய் வருகிறது. ஆனால் அதே அப்பல்லோதான் நோய் தீர்க்கும் தெய்வமும். கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் சொல்லும் எகிப்துக் கதையில், படையெடுத்து வந்தவர்களின் அம்பறாத்தூணியையும் வில்லையும் கேடயப் பிடியையும் ஓர் இரவில் எலிகள் கடித்துத் தீர்க்கின்றன. காலையில் ஆயுதமில்லாத படை ஓடுகிறது. நாட்டைக் காத்ததற்காகக் கையில் எலியோடு அரசனுக்குச் சிலை வைத்தார்களாம். நம் துணிப்பையைக் கடித்தால் பீடை, எதிரியின் வில்லைக் கடித்தால் தெய்வ அருள். பல் ஒன்றுதான், யாருடைய பொருளில் படுகிறது என்பதில்தான் கணக்கு மாறுகிறது.

ஆகவே, பரண்வாசி, மிச்சமும் நோயும் எலிக்கு இரண்டு தனிப் பொருள்கள் அல்ல. சேர்த்துவைத்த இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் எச்சம், எச்சம் இருக்கும் இடத்தில் நோய். எந்த நாட்டில் இதன் தலைப்பகுதியைப் பிடித்துக்கொண்டார்களோ அங்கே எலி இலட்சுமி. வாலைப் பிடித்த இடத்தில் யமன்.

பிள்ளையார் வாகனத்தைப் பற்றியும் ஒரு சொல். கந்தபுராணத்தில் கயமுகாசுரன் தோற்று, எலி வடிவில் பாய்ந்து வந்து, பிறகு வாகனமாகிறான். அதாவது அங்கே வணக்கத்துக்குரியவர் மேலே உட்கார்ந்திருப்பவர். கீழே இருப்பது அடக்கப்பட்ட எலி. உங்கள் பரணில் இருப்பது இன்னும் அடங்காதது. இதைக் கணவருக்குச் சொல்லுங்கள்; பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு எனக்குச் சாபம் வாங்கித் தராதீர்கள்.

விளக்குத்திரி

தாழ்வாரம், அருமை. ஆனால் "தலையைப் பிடித்தவன், வாலைப் பிடித்தவன்" என்று முடித்தது கொஞ்சம் வசதியான முடிவு. திருமறைக்காட்டு எலி இந்த இரண்டிலும் அடங்காது. அது மிச்சத்தையும் குறிக்கவில்லை, நோயையும் குறிக்கவில்லை. அற்பமான உயிர் தெரியாமல் செய்ததுகூடக் கணக்கில் ஏறும் என்பதுதான் அங்கே செய்தி. எலியைத் தேர்ந்தெடுத்ததே அது அற்பம் என்பதால்தான்.

தாழ்வாரம்

ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என் கூட்டலில் இடமில்லை.

நேர்க்கோடு

எல்லாம் சரி, ஐரோப்பாவில் 1347 முதல் பிளேக்கில் செத்தவர்களிடம் போய் இலட்சுமி என்று சொல்லிப் பார்த்திருக்கலாம்.

கூகை

தம்பி, அந்த வழக்கில் எலிக்குச் சந்தேகத்தின் பலன் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பிளேக் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சின் கண்டுபிடித்தார். எலியிடமிருந்து எலித்தெள்ளு வழியாக மனிதனுக்கு வருகிறது என்று 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் காட்டினார். அந்தக் காலத்துக் கொள்ளைநோய்க்கு அது பொருந்துகிறது. எலி சாகச் சாக, இரத்தம் தேடி எலித்தெள்ளு மனிதன்மேல் தாவுகிறது. வீட்டில் எலிகள் தாமாகச் செத்து விழுந்தால் அன்று மக்கள் வீட்டைக் காலிசெய்து ஓடியதற்குக் காரணம் இதுதான். ஆனால் நீங்கள் சொன்ன 1347-இன் பெருங்கொள்ளையின் வேகத்துக்கு எலியைவிட, மனிதன்மேல் வாழும் பேனும் தெள்ளுமே கூடுதலாகப் பொருந்துகின்றன என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் எலி ஒன்றே குற்றவாளி என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, பரண்வாசிக்கு வேலையைச் சொல்கிறேன். எல்லாரும் முதலில் பொறி வைப்பார்கள், பிறகு ஓட்டையைத் தேடுவார்கள். எப்போதும் ஓட்டைதான் முதலில். பென்சில் நுழையும் இடைவெளியில் சுண்டெலி நுழையும், ஆறு மில்லிமீட்டர் போதும். ஒன்றேகால் சென்டிமீட்டர் இருந்தால் எலியே நுழைந்துவிடும். தலை போனால் உடம்பு பின்னால் வரும். குழாய் சுவருக்குள் போகும் இடம், கூரையும் சுவரும் சேரும் மூலை, கதவின் அடி, காற்றுத்துளை எல்லாவற்றையும் பகலில் விளக்கோடு பாருங்கள். அவன் எப்போதும் சுவரை உரசிக்கொண்டே ஒரே வழியில்தான் போவான். உடம்பு எண்ணெயும் அழுக்கும் பட்டு அங்கே கருப்பாகத் தடம் விழுந்திருக்கும். அந்தத் தடம் போய் முடிகிற இடம்தான் நீங்கள் தேடும் வாசல்.

இரும்புக் கம்பிநாரைத் திணித்து மேலே சிமெண்டு பூசுங்கள். பெரிய துளைக்கு உறுதியான கம்பிவலை. பஞ்சு, துணி, தெர்மாகோல், மரத்துண்டு எதுவும் வேண்டாம், அவற்றைக் கடிப்பது அவனுக்குப் பல் துலக்குகிற மாதிரி. கூரையைத் தொடும் மரக்கிளை இருந்தால் வெட்டுங்கள். எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் அடைத்து எலியை உள்ளே பூட்டிவிடாதீர்கள். ஒரு வழியை மட்டும் விட்டு, உள்ளே இருப்பவர்களைப் பிடித்து முடித்த பிறகு அதை அடையுங்கள்.

முற்றம்

இவ்வளவு எதற்கு? ஒரு பூனை வளர்த்தால் தீராதா?

கூகை

சுண்டெலிக்குக் கொஞ்சம் பயன். வளர்ந்த எலியிடம் பெரும்பாலான பூனைகள் வம்புக்குப் போகாது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கழிவுநிலையத்தில் இருந்த எலிக்கூட்டத்தையும் அங்கே திரிந்த பூனைகளையும் கேமரா வைத்துக் கவனித்தார்கள். 79 நாட்களில் பூனைகள் கொன்றது இரண்டே எலிகளை. அந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பூனை வந்தால் எலிகள் வெளியே வருவதைக் குறைத்துக்கொள்கின்றன. நாம் எலியைக் காணாமல், எலி போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

முற்றம்

சுவரில் செருகும் ஒலிக்கருவி? விளம்பரத்தில் எலிகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றன.

நேர்க்கோடு

விளம்பரத்தில் ஓடும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட கருவிகளைச் செய்தும் விற்றும் வந்த 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, உங்கள் விளம்பரத்துக்கு அறிவியல் சான்று வேண்டும் என்று அரசின் வணிக ஆணையம் 2001-இல் எச்சரிக்கை அனுப்பியது. எலி அந்தச் சத்தத்துக்கு விரைவில் பழகிவிடும். நம் காதுக்கு எட்டாத அந்த மீயொலி சுவரைத் தாண்டாது, அலமாரியைக்கூடத் தாண்டாது.

எலியை ஒழிக்கக் காசு செலவழித்தவர்களில் எனக்குப் பிடித்தவர்கள், வியட்நாமின் ஹனோயை அன்று ஆண்ட பிரெஞ்சு அதிகாரிகள். 1902-இல் எலிவால் கொண்டுவந்தால் பணம் என்று அறிவித்தார்கள். வால்கள் குவிந்தன. கொஞ்ச நாளில் தெருவில் வாலில்லாத எலிகள் ஓடத் தொடங்கின. எலி பிடித்தவர்கள் வாலை மட்டும் நறுக்கிவிட்டு, குட்டி போடட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஊருக்கு வெளியே எலிப்பண்ணையே நடத்தினார்கள். "செல்வம் தரும் எலி" என்பதற்கு விளக்குத்திரிக்கு என் பங்களிப்பு.

விளக்குத்திரி

நன்றி. சேமித்து வைத்துக்கொண்டேன்.

நிலாச்சோறு

நான் கனவு பற்றிக் கேட்கலாமா? வீட்டில் எலித் தொல்லை தொடங்கிய நாளிலிருந்து அடிக்கடி கனவிலும் எலி வருகிறது. கனவில் எலி வந்தால் கூட இருப்பவர் ஏமாற்றுவார், திருட்டுப் போகும் என்று ஒரு பக்கம் படித்தேன். அதிலிருந்து மனம் ஒரு மாதிரி இருக்கிறது.

தாழ்வாரம்

சகோதரி, இரவெல்லாம் தலைக்குமேல் எலி ஓடினால் கனவில் யானையா வரும்?

பலன் சொல்வது என்றால் பழைய பலனாகவே சொல்கிறேன். இரண்டாம் நூற்றாண்டில் ஆர்டெமிடோரஸ் என்ற கிரேக்கர் கனவுப் பலன் நூல் எழுதினார். அவர் கணக்கில் எலி என்றால் வீட்டுப் பணியாள். ஒரே கூரையில் இருக்கிறது, நாம் உண்பதையே உண்கிறது, பயந்தும் நடக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். வீட்டுக்குள் எலிகள் கூட்டமாகக் குதித்து விளையாடுவதாகக் கனவு வந்தால் நல்லது என்கிறார். அடிமைகளை வைத்திருந்தவர்களின் உலகத்தில் அது பொருந்திய பலன். உங்களை ஏமாற்றப்போகும் "கூட இருப்பவர்" யார் என்று தேடி ஒரு நல்ல உறவின்மேல் சந்தேகம் வளர்த்துக்கொள்ளாதீர்கள். எலியால் வரும் சேதத்தில் அதுதான் பெரியதாகிவிடும்.

பரண்வாசி

கூகை ஐயா சொன்னபடி தேடினோம். குழாய் போகும் இடத்தில் ஒன்று, கூரை மூலையில் ஒன்று, பரண் பலகைக்குப் பின்னால் ஒன்று. கருப்புத் தடம் அச்சடித்ததுபோல் இருக்கிறது. கணவர் உற்சாகமாகிவிட்டார். எல்லாக் கோபத்தையும் சிமெண்டில் காட்டுகிறார்.

இப்போது பிடிப்பது பற்றிச் சொல்லுங்கள். நஞ்சு வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். பசை அட்டை நல்லது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

மஞ்சாடி

பசை அட்டை மட்டும் வேண்டாம், தயவுசெய்து. ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில் அலறி, தன் காலையே கடித்து, தாகத்திலும் களைப்பிலும் சாகும். இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் பொதுமக்கள் அதைப் பயன்படுத்துவதே குற்றம்.

நான் எலி வளர்க்கிறவள். கூண்டில் பிறந்த வளர்ப்பு எலிகள். இந்த உரையாடலில் எலி மனிதனுக்கு என்ன அடையாளம் என்று எல்லாரும் பேசுகிறீர்கள், எலி எலியாக எப்படி இருக்கிறது என்று யாரும் பேசவில்லை. நாம் கிச்சுகிச்சு மூட்டினால் எலி நம் காதுக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்புகிறது என்று யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர் கண்டார். இன்னும் மூட்டு என்று கையைத் தேடி வரும். அதைச் சிரிப்பு என்றே அவர் சொன்னார். 2011-இல் சிகாகோவில் செய்த சோதனையில், குழாயில் அடைபட்ட தோழனை வெளியிலிருந்த எலி கதவைத் தள்ளித் திறந்து விடுவித்தது. பக்கத்தில் சாக்லேட் வைத்திருந்தும் தோழனையும் விடுவித்து, அதற்கும் மிச்சம் வைத்தது. 2019-இல் பெர்லினில் ஆய்வாளர்களோடு கண்ணாமூச்சி விளையாடின. ஒளிவதற்கும் தேடுவதற்கும் வேறு வேறு உத்தி. புறநானூற்று எலியைக் கருமி என்று சொன்னது சோழனின் கருத்து, எலியின் தரப்பை யாரும் கேட்கவில்லை.

நேர்க்கோடு

கேட்டேன். "பாடப் புத்தகத்தின் முதுகு நன்றாக இருந்தது" என்கிறது.

மஞ்சாடி

சிரித்துவிட்டேன். ஆனாலும் பசை அட்டை வேண்டாம்.

விளக்குத்திரி

மஞ்சாடி அக்கா, அப்படியானால் உயிரோடு பிடித்துக் காட்டில் விடுவதுதான் அறமா?

மஞ்சாடி

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தெரியாத இடத்தில் விட்ட எலிக்கு வளை இல்லை, வழி தெரியாது, அங்கே ஏற்கனவே இருக்கும் எலிகள் சேர்க்காது. பெரும்பாலும் சீக்கிரமே இரையாகிவிடும். பக்கத்தில் விட்டால் திரும்பி வந்துவிடும். குட்டி போட்ட தாயைக் கொண்டுபோய் விட்டால் பரணில் குட்டிகள் பட்டினியில் சாகும். நம் கையில் இரத்தம் படவில்லை என்ற நிம்மதிதான் அதில் மிச்சம். கொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தால், வலுவான விசைப்பொறியில் நொடியில் முடியட்டும். உயிர்க்கூண்டு வைத்தால் அடிக்கடி பாருங்கள்.

கூகை

மஞ்சாடி சொல்வதே என் கருத்தும். ஓட்டையை அடைப்பதைத்தான் நான் இரக்கம் என்பேன். உள்ளே வராத எலியைக் கொல்ல வேண்டியதில்லை.

விசைப்பொறி வைக்கும் முறை: சுவருக்குச் செங்குத்தாக, இரை வைத்த முனை சுவரைத் தொட. கருப்புத் தடம் உள்ள வழியில், ஒன்றுக்கு மேற்பட்ட பொறிகளாக வையுங்கள். கூரை எலி புதுப்பொருளைக் கண்டால் பயப்படும். ஆகவே முதலில் சில நாட்கள் விசையை ஏற்றாமல் இரையை மட்டும் வையுங்கள். பயமில்லாமல் தின்னத் தொடங்கியபின் எல்லாவற்றையும் ஒரே இரவில் ஏற்றுங்கள். கவ்விக்கொண்டு ஓடமுடியாத, ஒட்டுகிற இரையாக இருக்கட்டும். நிலக்கடலை வெண்ணெய் நல்லது. குழந்தை கை எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள். தள்ளிப்போடவும் கூடாது: கரு தங்கினால் மூன்று வாரத்தில் குட்டி, அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாய்.

நஞ்சு வேண்டாம் என்றது சரி. எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால்தான் எதையும் முதலில் துளி தின்று பார்க்கும். உடனே வயிறு கெட்டால் மறுபடி தொடாது. இதற்காகத்தான் சில நாள் கழித்து வேலை செய்யும், இரத்தம் உறையவிடாத நஞ்சுகள் வந்தன. அந்த இடைவெளியில் தள்ளாடித் திரியும் எலியைப் பூனையோ நாயோ ஆந்தையோ தின்றால் அதற்கும் ஆபத்து. குழந்தையோ வளர்ப்பு விலங்கோ அந்தக் கட்டியைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு உறையோடு ஓட வேண்டும். இந்த வகைக்கு முறிமருந்து வைட்டமின் கே. ஆனால் எந்த நஞ்சு என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

நேர்க்கோடு

பரண் சுத்தம் செய்யும்போது எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். தூசு மூச்சில் போகும். ஹண்டா போன்ற வைரஸ்கள் அப்படிப் பரவுகின்றன. சன்னல்களைத் திறந்து காற்றோட விட்டு, கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் துடைத்து மூடிய பையில் போடுங்கள்.

பரண்வாசி

பொறியில் இரண்டு. மூன்றாவது உயிர்க்கூண்டில் மாட்டியது, குட்டி எலி. கணவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் சொல்லாமல் கூண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. மஞ்சாடி அக்கா மன்னிக்கவும்.

கடைசி வழியையும் அடைத்தாயிற்று. பரண் அமைதியாக இருக்கிறது. "குறைவில்லாத வீட்டில்தான் சிமெண்டு வாங்கக் காசு இருக்கும்" என்று பெரியம்மா புது விளக்கம் கொடுத்திருக்கிறார். அவரை வெல்ல முடியாது.

முற்றம்

இழையைக் கடத்துவதற்கு மன்னியுங்கள். நாங்கள் இதைப் படிப்பதற்கு முன்பே நஞ்சு வைத்துவிட்டோம். இப்போது வரவேற்பறையில் தாங்க முடியாத நாற்றம். எங்கே செத்துக் கிடக்கிறது என்று தெரியவில்லை. சுவரை இடிக்க வேண்டுமா?

கூகை

இடிக்காதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுவரோரமாக ஒவ்வொரு மூலையாக முகர்ந்து பாருங்கள், மின்செருகிகளின் இடுக்கு உட்பட. பகலில் நீலப்பச்சை ஈக்கள் எங்கே கூடுகின்றன என்று கவனியுங்கள்; அதற்கு மிக அருகில்தான் இருக்கும். பொய்க்கூரை, அலமாரியின் அடி, குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் முதலில் பாருங்கள். கிடைத்தால் கையுறையோடு இரண்டு பைகளுக்குள் வைத்துக் கட்டி அகற்றி, அந்த இடத்தில் நேர்க்கோடு சொன்ன பிளீச்சு. கிடைக்காவிட்டால் சன்னலைத் திறந்துவிட்டு, தூள்கரியைத் தட்டில் வைத்து, உடல் உலரும் வரை பொறுக்க வேண்டியதுதான். ஓரிரு வாரம் ஆகலாம், ஈரம் இருந்தால் இன்னும் கூடும். வீட்டில் மீதி இருக்கும் நஞ்சுக்கட்டிகளை இன்றே எண்ணி எடுத்துவிடுங்கள்.

முற்றம்

குளிர்பதனப் பெட்டியின் பின்னால் இருந்தது. கட்டிகள் எத்தனை வைத்தோம் என்று அப்பாவுக்கும் எனக்கும் இப்போது தகராறு.